ஒரு ஸ்பூன் உறை

மூன்று கட்டடங்களின் எண்களும் ஒன்றாக இருந்தன. அதைச் சொல்ல வந்த ஜெரால்டு பர்னாந்து மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். டாக்டர் இசக்கி கையிலிருந்த டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டாள்.

கணவாய்ப்பட்டி காற்றாலைக் குடியிருப்பில் கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள். காற்றாலைக் கோபுரங்களில் வேலை செய்பவர்களின் குடும்பங்கள் அவற்றில் இருந்தன. மூன்று கட்டடத்துக்கும் ஒரே சத்துதான் கொடுக்கப்பட்டது. வடிவம் மட்டும் வேறு. கிழக்குக்கு மாத்திரை, நடுவுக்குத் தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை, மேற்குக்குத் தயிர். எந்த வடிவம் உடம்பில் நன்றாகச் சேர்கிறது என்று பார்த்துச் சொன்னால், மாநிலம் முழுக்க ரேஷன் கடைகளில் அதையே கொடுப்பார்கள். அந்த முடிவை எடுக்கும் குழுவின் ஆள்தான் ஜெரால்டு.

சோதனைக்கான காரணம் எல்லார் வீட்டுச் சோற்றிலும் இருந்தது. காற்றில் கரியமில வாயு கூடக் கூட நெல் வேகமாக வளர்ந்தது. மணிக்குள் சேர வேண்டிய சத்து அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவர்களுக்கும் வாயோரம் வெடித்தது, விரல் நுனி மரத்தது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் மோசம். ஆண்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன என்று காற்றாலை ஆட்களுக்கு விளக்க இசக்கி அதிகம் சிரமப்படவில்லை. கோபுரத்துக்கு அடிக்கிற துருத் தடுப்புப் பெயின்ட் மாதிரி உடம்புக்கும் ஒன்று தேவை, அவ்வளவுதான் என்றாள். உடனே புரிந்துகொண்டார்கள். அன்று முதல் அதற்குத் துருச்சத்து என்றே பெயர்.

யாருக்கு எந்த வடிவம் என்பதைக் குடியிருப்பே தேர்ந்தெடுக்கட்டும் என்று கூட்டம் போட்டார்கள். நடுக்கட்டடத்தில் இளவட்டம் அதிகம். கையில் ஒட்டிக்கொண்டு நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதால் அவர்கள் பட்டையைக் கேட்டார்கள். மேற்கில் ரெஜினா எழுந்து, எப்படியும் தினமும் தயிர் தோய்க்கத்தான் போகிறோம், அதிலேயே சத்தும் வந்தால் வேண்டாமென்றா இருக்கிறது என்றாள். கிழக்கின் முடிவைச் சொன்னவர் சுடலைமணி. கோபுரப் பராமரிப்பில் முதல் ஆள், ஐம்பதைத் தாண்டியவர், அவர் பேசினால் கூட்டம் அடங்கும்.

“மாத்திரைன்னா எண்ணிப் பாக்கலாம். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. பிடிக்கலைன்னா நாளையில இருந்து நிறுத்திரலாம். நீங்க தயிர்ல வச்சிருக்கது உசுருள்ளது, மாத்திப் பண்ணினது. அத உள்ள விட்டுட்டு, பொறவு எப்படி வெளிய வான்னு கூப்பிடுவிய?”

இசக்கியிடம் இதற்கு நல்ல பதில் இருந்தது. அதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

அந்தத் தயிர் இசக்கியின் எட்டு வருட உழைப்பு. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரிலேயே சத்தைச் செய்யும் வேலையையும் ஏற்றிவிட்டிருந்தாள். பாலின் கொழுப்போடு சேர்ந்து போவதால் உடம்பில் எளிதாக ஏறும் என்பது அவள் கணக்கு. ஒரு முறை தோய்த்ததும் செத்துவிடும்படி செய்ய முடியுமா என்று குழு கேட்டது. செத்துப்போகிற உறைக்குப் பெயர் உறை இல்லை, ஊறுகாய் என்றாள். கடைசியில் ஒரு சமரசம்: மேற்குக் கட்டடத்தார் அந்தத் தயிரை வெளியாருக்குச் சாப்பிடக் கொடுக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள்.

லிப்ட் வாசலில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். விரலை வைத்தால் ஒளி பாய்ச்சி, தோலுக்கடியில் சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஓர் எண் காட்டும். சில வாரங்களிலேயே அது மார்க் ஆகிவிட்டது. பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உனக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் மாப்பிள்ளையின் மார்க்கைச் சம்பளத்துக்கு முன்பே சொன்னது. காற்றாலை நிர்வாகம் ஒரு விதி போட்டது: அறுபதுக்குக் கீழே இருப்பவர்கள் கோபுரம் ஏறக்கூடாது, மேலே தலை சுற்றினால் யார் பொறுப்பு. குடியிருப்பிலேயே அதிக மார்க் சுடலைமணிக்கு, எண்பத்தெட்டு. மாத்திரை செய்யும் கம்பெனி அவர் சிரிக்கிற படத்தை எடுத்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியது. அந்த வழியாகப் போகத் தேவையில்லாத நாட்களிலும் அவர் அந்த வழியாகப் போனார்.

ஜெரால்டு டீயை முடித்துவிட்டு நிலைமையை விளக்கினார். மூன்றுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் குழு மாத்திரையைத்தான் எடுக்கும். ஆலைகள் தயாராக இருக்கின்றன, கிடங்கில் அடுக்கலாம், யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். இரண்டு மாதத்தில் கடைசிக் கூட்டம். அதற்குள் தயிர் தனியாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் தயிர் இல்லை.

இசக்கி முதலில் கருவியைச் சந்தேகித்தாள். கருவி சரியாக இருந்தது. பிறகு வீடு வீடாகப் போனாள்.

நடுக்கட்டடத்தில் லிப்டுக்கு எதிரே கபடிப் போட்டி அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. நான்கு மூலைகளிலும் சத்துப் பட்டைகள். வேர்வையில் கையில் நிற்பதில்லை, சுவரில் நன்றாக நிற்கிறது என்று விளக்கம் கிடைத்தது. ஒரு வீட்டில் கொசுவலைக் கிழிசலை அதை வைத்து அடைத்திருந்தார்கள்.

கிழக்கில் சுடலைமணியின் வீட்டுக் கதவை அவர் மனைவி உலகம்மை திறந்தாள். பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி கைப்பிடிக் கம்பியைத் தாண்டி வளர்ந்திருந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று இசக்கி கேட்டதும் உலகம்மை செடியைப் பார்த்தாள்.

“அவுக மட்டும் தெனம் முழுங்குதாவ. எனக்கும் பிள்ளையளுக்கும் அந்த வாடை ஆகல. நுணுக்கித் தொட்டியில போட்டுருதோம். அதுக்கு விரல் இருந்தா தொண்ணூறு வரும்.”

“அப்போ உங்களுக்கு எப்படி எழுபத்தஞ்சு வருது, மைனி?”

உலகம்மைக்கு உண்மையாகவே தெரியவில்லை. நம்ம சமையல்தான் என்றாள். சாப்பிட்டுப் போகச் சொல்லி இலையும் போட்டாள். கடைசிச் சோற்றுக்குத் தயிர் வந்தது. இலேசான மஞ்சள், பசும்பால் தயிர் என்றால் யாரும் மறுமுறை பார்க்க மாட்டார்கள். இசக்கிக்கு அந்த மஞ்சளைத் தெரியும். எந்த விளக்கில் எப்படித் தெரியும் என்பது வரை தெரியும்.

எங்கே வாங்கியது என்று கேட்டாள். வாங்குவதாவது, வீட்டில் தோய்த்தது என்றாள் உலகம்மை. ஆடியில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது வீட்டு உறை கெட்டுப்போயிருந்தது. ரெஜினாவிடம் போய் ஒரு ஸ்பூன் வாங்கி வந்தாள். பிறகு மாடி முழுக்க இவளிடம் வாங்கிப் போனார்கள். நடுக்கட்டடத்துக்கும் இங்கிருந்துதான் போனது.

“யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு மேற்குல கையெழுத்து வாங்கினோமே.”

“தயிரு சாப்பிடக் குடுக்கக் கூடாதுன்னுதான வாங்கினிய? ரெஜினா தயிரா குடுத்தா? உறைதான குடுத்தா. உறை கேட்டு வந்தவள வெறுங்கிண்ணத்தோட யாராச்சும் அனுப்புவாவளா, டாக்டர்?”

இசக்கி மூன்று மாதமாக எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறாள்: தயிரை யாருக்காவது சாப்பிடக் கொடுத்தீர்களா? ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. தன் வீட்டிலேயே அம்மா பக்கத்து வீட்டுக்கு உறை கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள், சோதனைக்கு விதி எழுதும்போது அதை நினைக்கவேயில்லை. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கைகழுவ எழுந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வேண்டாம் என்று சொன்னவர்களின் வயிற்றுக்குள் அது போயிருக்கிறது.

“அண்ணாச்சிக்குத் தெரியுமா?”

“அவுகளுக்குத் தயிரில்லாம எந்த வேளையும் இறங்காது. ஆனா மாத்திரைதான் தன்னத் தூக்கி நிறுத்திருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதாவ. சுவத்துல படம் வேற. இப்பத்தான் கொஞ்சம் சந்தோசமா இருக்காவ. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், என்ன?”

இசக்கி தலையாட்டினாள். சம்மதித்தாளா, கேட்டுக்கொண்டாளா என்று அவளுக்கே தெளிவில்லை.

ஜெரால்டிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தூத்துக்குடியில் தன் மாமியார் வீட்டு உறைக்கு நாற்பது வயது இருக்கும், அது எத்தனை தெரு சுற்றியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். சிரித்து முடித்ததும் கண்ணாடியை மாட்டினார். அப்படியானால் சோதனை முடிந்தது. எல்லாரும் எல்லாம் சாப்பிட்ட சோதனையில் எதையும் நிரூபிக்க முடியாது.

அப்போதுதான் இசக்கி கிழக்கிலும் நடுவிலும் சில வீடுகளின் எண்கள் ஏறவேயில்லை என்பதைக் காட்டினாள். முப்பது வீடு இருக்கும். எல்லாம் ஐம்பதுக்கும் கீழே. வயது, சாதி, மதம், மாடி, எதிலும் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அவள் இரண்டு நாள் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் அந்த வீடுகளின் பெயர்களை உலகம்மையிடம் வாசித்தாள். ஐந்தாவது பெயரிலேயே உலகம்மை நிறுத்தினாள். இவர்கள் எல்லாரும் இரண்டாவது ஷிப்டு என்றாள்.

உறை கேட்கிற நேரம் சாயங்காலம், பால் காய்ச்சி ஆறிய பிறகு. இரண்டாவது ஷிப்டுப் பெண்கள் அப்போது கோபுரத்திலோ பட்டறையிலோ இருப்பார்கள். பஸ் வந்து இறங்குவதற்குள் எல்லார் வீட்டிலும் விளக்கு வைத்தாகிவிடும். விளக்கு வைத்த பிறகு பால், தயிர், உப்பு எதுவும் வீட்டை விட்டு வெளியே போகாது. மாதா கோயிலுக்குப் போகிற ரெஜினாவும் கொடுக்க மாட்டாள். எதிர்வீட்டு பாய் வீட்டிலும் கொடுக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் அந்தப் பெண்கள் கேட்பதுமில்லை. பஸ் ஸ்டாப்புக் கடையில் பாக்கெட் தயிர் வாங்கிக்கொண்டு மேலே போவார்கள்.

இதைக் கேட்டதும் ஜெரால்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“மேடம், நீங்க பிரிச்சத விட இது சுத்தமான பிரிவு. ஒரே கட்டடம், ஒரே மாத்திரை, ஒரே சோறு. விளக்கு வைக்கிறதுக்கு முன்னால வர்றவங்க எழுபது, பின்னால வர்றவங்க நாப்பத்தஞ்சு. வித்தியாசம் தயிர் மட்டும். ரெண்டு மாசம் யாரும் கை வைக்காம இருந்தா குழுவுக்கு மறுபேச்சே கிடையாது.”

“அந்த முப்பது வீட்டுக்கும் சொல்லக் கூடாதுங்கறீங்க.”

“ரெண்டே மாசம்.”

எட்டு வருடத்தோடு பார்த்தால் இரண்டு மாதம் என்ன பெரிய காலம் என்றுதான் இசக்கியும் நினைத்தாள். மறுநாள் காலை பூங்கனி வந்திருக்காவிட்டால் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள்.

பூங்கனி கிழக்குக் கட்டடம். இரண்டாவது ஷிப்டில் கோபுரம் ஏறுகிறவள். ஏறியவள். மார்க் அறுபதைத் தொடாததால் இப்போது ஸ்டோரில் போல்ட்டுகளைத் தரம் பிரிக்கிறாள். கூட வந்த மகளுக்கு வாயோரம் வெடித்திருந்தது. பூங்கனி குறை சொல்ல வரவில்லை. தான் எங்கே தப்புச் செய்கிறாள் என்று கேட்க வந்திருந்தாள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். பஸ்ஸில் ஏறியதும் கடுங்காப்பியோடு முழுங்கிவிடுகிறாள், மறப்பதேயில்லை. சுடலைமணி அண்ணாச்சியும் அதே மாத்திரைதானே சாப்பிடுகிறார். மாத்திரையைத் தூரப் போட்டுவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று ஸ்டோரில் பேசிக்கொள்கிறார்கள்.

“நான் முழுங்குறத வேணும்னா நீங்க கண்ணால பாருங்க, டாக்டர்,” என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

இசக்கி அதைத் தடுத்தாள். மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டால் பாதி வீண், சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும் என்று சொன்னாள். அது உண்மை. அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிற உண்மை. அதோடு அனுப்பிவைத்திருக்கலாம். பூங்கனி நன்றி சொல்லி எழுந்தபோது, கொஞ்சம் உட்காரச் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: அக்கம்பக்கத்து வீடுகளில் தோய்வது எந்தத் தயிர், அதில் என்ன மாற்றியிருக்கிறது, அது ஏன் இவள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

பூங்கனி கவனமாகக் கேட்டாள். விளக்கு விஷயம் வந்தபோது, அடப்பாவிகளா என்று தன்பாட்டுக்குச் சொன்னாள், கோபமாக இல்லை. அவளும் விடுமுறை நாளில் விளக்கு வைத்த பிறகு யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

“இது உள்ள போயிட்டு, நான் வேண்டாம்னு நெனச்சா போயிருமா?”

“அந்தத் தயிர நிறுத்திட்டு வேற தயிர் சாப்பிட்டா ஒரு மாசத்துல போயிரும்.”

“அப்படின்னா குடுங்க. பிள்ளைக்கும் சேத்து.”

அந்த மாதம் முழுக்க இசக்கி காலை நேரங்களில் மூடிபோட்ட கிண்ணங்களோடு இரண்டாவது ஷிப்டு வீடுகளுக்குப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் அதே விளக்கம், அதே கேள்விகள். ஒரு நாளைக்கு இரண்டு வீடு முடிந்தாலே பெரிது. ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். சரி என்று அடுத்த வீட்டுக்குப் போனாள். தன் கையாலேயே தன் சோதனையைக் கலைக்கிறோம் என்று தெரிந்துதான் செய்தாள். ஆனாலும் அந்த நடையில் அவளுக்கு ஓர் உற்சாகம் இருந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தயிரை அவளே கிண்ணத்தில் ஊற்றி ஒருவர் கையில் கொடுக்கிறாள்.

சுடலைமணியின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார். கூட்டம் போடுவார், கூட்டம் கைதட்டும், குழுவின் கடைசிக் கூட்டத்துக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். முடிவு வந்ததும் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து வந்த ஜெரால்டு, முப்பது வீடுகளில் ஒன்று தவிர எல்லாமே மேலே போயிருப்பதைப் பார்த்து முதலில் தலையில் கைவைத்தார். பிறகு ஒவ்வொரு வீடாகப் பார்க்க ஆரம்பித்தார். எந்த வாரம் உறை போனதோ அதற்கு இரண்டு வாரம் கழித்து எண் ஏறியிருந்தது. முதலில் வாங்கிய வீடு முதலில், கடைசியில் வாங்கிய வீடு கடைசியில், மாடிப்படி மாதிரி. வேண்டாம் என்ற வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. பூங்கனிக்கு எழுபத்திரண்டு. அவள் மறுபடி கோபுரம் ஏற ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“நான் சொன்னத நீங்க கேக்கல. நல்ல காரியம்,” என்றார் ஜெரால்டு.

குழு அதிகம் விவாதிக்கவில்லை. பரவியது தப்பு என்று ஒரு பக்கம் எழுதியது, பரவுவதால்தான் இது மலிவு என்று அடுத்த பக்கம் எழுதியது. தயிரே முடிவானது. மாத்திரைக் கம்பெனியின் ஆள் வெளியே வரும்போதே, டப்பா நாங்கள் செய்து தருகிறோமே என்று கேட்டுக்கொண்டு வந்ததாக ஜெரால்டு சொன்னார்.

குடியிருப்புத் திடலில் கூட்டம் போட்டு இசக்கி எல்லாவற்றையும் சொன்னாள். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று சொல்லவில்லை. அதைக் கூட்டமே சொல்லிக்கொண்டது. கபடிப் பையன்கள் பட்டை கதையைச் சொல்ல, கறிவேப்பிலைச் செடி கதை எப்படியோ வெளியே வர, திடலே சிரித்தது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒருவன், “அப்போ செவுத்துல இருக்க அண்ணாச்சி படத்துல கைல தயிர்ச்சட்டியக் குடுத்துருவமா?” என்றான். அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. உலகம்மையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். திரும்பிப் பார்த்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் காலை சுடலைமணி ஆய்வகத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்தவர் போலத் தெரியவில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

“மூணுல ஒண்ண எடுத்துக்கன்னு சொன்னிய. நான் மாத்திரைய எடுத்தேன். ஒரு நாள் விடாம சாப்பிட்டேன். ஆனா உள்ள இருந்தது நான் வேண்டாம்னு சொன்னது. நல்லதுதான் செஞ்சிருக்கு, நான் இல்லங்கல. ஆனா எங்கிட்ட கேட்டது எதுக்கு?”

இசக்கி மன்னிப்புக் கேட்டாள். இரண்டு மாதத்துக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னாள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

“ரெண்டாவது ஷிப்டு வீடுகள்ல போயி கதவத் தட்டிச் சொல்லிருக்கிய.”

“ஆமா அண்ணாச்சி. அவங்க வேணும்னு சொல்லுவாங்கன்னு தெரியும். நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னும் தெரியும்.”

அவர் முகத்தில் ஏதோ இளகியது. நேராகச் சொல்லப்பட்டதைக் கேட்டுப் பழகியவர். இப்போது என்ன செய்யலாம், பாக்கெட் தயிர் தனக்கு ஆகாதே என்று கேட்டார். மாற்றுவதற்கு முன்னால் இருந்த பழைய உறை ஆய்வகப் பிரீசரில் இருக்கிறது என்று இசக்கி சொன்னாள். ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

பத்து நாளில் திரும்பி வந்தார். தயிரைப் பரிசோதித்தால் புதியதுதான் இருந்தது. உலகம்மையை விசாரித்தபோது அவள் ஆச்சரியப்பட்டாள். அவர் சட்டியில் தயிர் தண்ணியாக இருந்தது, பாவமே என்று தன் சட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் போட்டாளாம். இரண்டாவது குப்பி, மகள் ஒரே கரண்டியால் இரண்டு சட்டியையும் கிண்டியதில் போனது. அந்தக் குடியிருப்பில் பழையது பழையதாகவே இருக்கக்கூடிய அடுக்களை ஒன்றுகூட இல்லை என்று இசக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தயிரை உண்டாக்க எட்டு வருடம் செலவழித்தவள், அது வேண்டாம் என்பவருக்கு ஓர் இடம் வைக்கவில்லை.

ஜெரால்டுக்குப் போன் செய்து, பழைய உறையும் கேட்டால் கிடைக்கும்படி ஒவ்வொரு ரேஷன் கடையிலும் வைக்க வேண்டும் என்றாள். யார் கேட்கப் போகிறார்கள் என்றார். ஒருவர் இருக்கிறார் என்றாள். எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றார். அந்த வாரமே எழுதி அனுப்பினாள்.

சுடலைமணி காத்திருக்கவில்லை. பால்கனியில் வாஷிங் மெஷினுக்கு மேலே ஒரு பலகை அடித்தார். தனி அடுப்பு, தனிப் பால் பாத்திரம், தனிச் சட்டி, தன் கருவிப் பெட்டியில் பூட்டிவைத்த தனி ஸ்பூன். ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாகப் பால் காய்ச்சினார். முதல் நாள் பொங்கி மெஷினுக்குள் போனது. அடுத்து, சூட்டோடு உறை ஊற்றித் திரிந்தது. மறுபடியும் செய்ததில் தோய்ந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத புளிப்பு. கிழக்குக் கட்டடத்துப் பெண்கள் துணி காயப்போடும் சாக்கில் பக்கத்துப் பால்கனிகளுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, அண்ணாச்சி, கோபுரத்துல காத்து பாக்குத மாதிரி பாலுக்கும் விரல வச்சுச் சூடு பாருங்க என்றாள். அவர் முறைத்துவிட்டு, அவர்கள் போன பிறகு விரலை வைத்துப் பார்த்தார். கதவுக்கு உள்ளேயிருந்து உலகம்மை, உதவி வேண்டுமா என்று கேட்பாள். கிட்ட வராத என்பார். அந்த வீட்டில் அவர்களுக்குள் இவ்வளவு பேச்சு நடந்து வெகுநாள் ஆயிற்று என்று அவள் இசக்கியிடம் சொன்னாள்.

அவர் மார்க் ஐம்பத்தொன்பதுக்கு இறங்கி, பிறகு மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிட ஆரம்பித்ததும் அறுபத்திரண்டில் நின்றது. கோபுரம் ஏற அது போதும். சுவரில் இருந்த படத்தை மழை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தது.

தையில் ஒரு காலை இசக்கி அவர் தயிரைப் பரிசோதிக்கப் போனாள். சுத்தமான பழைய உறை, ஒரு துளி கலப்பில்லை. பலகைக்குப் பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள் காலியாக இருந்தன. நடுக்கட்டடத்திலிருந்து இரண்டு வீட்டார் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எந்த வடிவம் என்று முடிவெடுத்த முதல் கூட்டத்தில் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் என்றார் சுடலைமணி. அவர்களுக்கும் பழசுதான் வேண்டுமாம். கொடுக்கலாமா, கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“கேட்டா குடுங்க அண்ணாச்சி. ஆனா எதக் குடுக்கோம்னு சொல்லிக் குடுங்க.”

“இத நீங்க சொல்லுதிய,” என்றார் அவர்.

உள்ளே உலகம்மை சத்தமாகச் சிரித்தாள். இசக்கிக்கும் சிரிப்பு வந்தது. அவர் கிண்ணங்களைத் துடைத்து, பெட்டியைத் திறந்து ஸ்பூனை எடுத்தார். இரண்டிலும் அளந்து ஊற்றி மூடிவைத்தார். மிச்சத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கி, உப்புப் போட்டு, ஒரு டம்ளர் மோரை அவளிடம் நீட்டினார்.

இசக்கி டம்ளரை வாங்கினாள். குடிப்பதற்கு முன் இது எந்தத் தயிர் என்று கேட்டாள்.

“பழசு,” என்றார் சுடலைமணி. “கொஞ்சம் புளிக்கும். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் குடித்தாள்.